அச்சமும் உடலும்

அச்சம் உள்ளத்தைச் சார்ந்தது என்றும், நோய் உடலைச் சார்ந்தது என்றும் மக்கள் பிரித்துப் பேசுவது வழக்கம். காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து தருவர். அஞ்சி நடுங்குபவனுக்கோ, மனத்தைத் தேற்றிக்கொள்ளுமாறு ஓர் அறிவுரை கூறி அமைவர். உள்ளத்தில் தோன்றிய அச்சம் உள்ளத்திலேயே மறைந்துவிடும், உடலில் அது சுவடு எதனையும் விடாது என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது. நாள்தோறும் அஞ்சி வாழும் உயிரின் குருதியில் அவ்வச்சம் எழுதப்படுகின்றது. அவ்வெழுத்தைப் படித்தறியும் வழியை அறிவியலார் கண்டுள்ளனர். அவர்களுக்கு அதனைக் கற்பித்த ஆசிரியர்களுள் சிறந்தவை ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் குரங்குகள் ஆகும்.

மனிதர் உடலிலும் குரங்கின் உடலிலும் நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும் உறுப்புகள் சில உள்ளன. இவை தாம் சுரக்கும் பொருளைக் குழாய் வழியாக ஓரிடத்திற்கு அனுப்பாமல், நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. குருதி ஓடும் இடமெல்லாம் அப்பொருளும் ஓடி, உறுப்புகளுக்கு ஆணை கொண்டு செல்லும் தூதாக விளங்குகின்றது. இத்தூதுப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். சிறுநீரகங்கள் இரண்டன் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. உயிருக்கு இடர் நேரும்போது விரைந்து விழித்தெழுபவை இச்சுரப்பிகளே.

சிறுத்தை ஒன்று குரங்கின்மீது பாய்கின்றது எனக் கொள்க. நொடிப்பொழுதில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் குருதியில் கலக்கின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, கால்களுக்குக் குருதி பெருகிப் பாய்கின்றது. அடுத்த சில நிமிடங்களில் மூளையின் ஆணையால் கார்ட்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோனும் மிகுதியாகச் சுரக்கின்றது. உடல் சேமித்து வைத்துள்ள ஆற்றலை வெளிக்கொணர்ந்து, குருதியில் சர்க்கரையின் அளவை உயர்த்துவது இதன் பணி. அவ்வேளையில் உணவு செரித்தல், வளர்தல், புண்ணை ஆற்றுதல், நோயை எதிர்த்து நிற்றல் முதலிய நீண்ட காலப் பணிகள் மெல்ல ஒதுக்கி வைக்கப்படுகின்றன. தீப்பற்றிய வீட்டில் தண்ணீர் எடுக்க ஓடுவாரேயன்றி, சுவருக்கு வெள்ளையடிப்பார் உளரோ? அதுபோன்றதே இதுவும். அச்சத்தை எதிர்கொள்ள உடல் தன்னை இவ்வாறு மாற்றியமைத்துக்கொள்வதை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

சிறுத்தையினின்றும் தப்பிய குரங்கு மரக்கிளையில் அமர்ந்து இளைப்பாறும்போது ஹார்மோன்களின் அளவும் தணிந்துவிடுகின்றது. ஒதுக்கி வைக்கப்பட்ட பணிகள் மீண்டும் தொடங்குகின்றன. ஆகவே, அச்சம் தன்னளவில் தீயதன்று; அது உயிர்காக்கும் துணையே ஆகும். ஆனால் தீ அணையாமல் நாள்தோறும் எரிந்துகொண்டேயிருப்பின், அவ்வீட்டின் சுவரை யார் செப்பனிடுவர்? கூரையை யார் வேய்வர்? 1936ஆம் ஆண்டில் கானடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் இவ்வினாவிற்கு விடை கண்டார். தொடர்ந்து துன்பத்திற்கு உள்ளான எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன. நோயை எதிர்க்கத் துணைபுரியும் உறுப்புகள் சுருங்கியிருந்தன. இரைப்பையில் புண்கள் தோன்றியிருந்தன. துன்பத்தின் வகை எதுவாயினும் உடலில் தோன்றிய கேடுகள் ஒரு தன்மையனவாக இருந்தமையே அவரை வியப்பில் ஆழ்த்தியது.

எலிகள் கூண்டில் அடைபட்டவை. தம் இயல்பான சூழலில், தம் இனத்தோடு கூடி வாழும் உயிர்களிடத்தில் இவ்வுண்மை எவ்வாறு விளங்குகின்றது? இதனை அறிய விரும்பினார் ராபர்ட் சப்போல்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர். அவர் 1978ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டிற்குச் சென்று, பபூன் என்னும் நாய்முகக் குரங்குகளை ஆராயத் தொடங்கினார்; பின்னர் ஆண்டுதோறும் அங்குச் சென்று அப்பணியைத் தொடர்ந்தார். பபூன்கள் பெருங்கூட்டமாகக் கூடி வாழ்பவை. உணவு தேடுவதற்கு அவற்றுக்கு நாளில் சில மணி நேரமே போதும். கூட்டமாக இருப்பதால் கொடிய விலங்குகளைப் பற்றிய அச்சமும் ஓரளவு குறைவு. எனவே எஞ்சிய பொழுதில் ஒன்றையொன்று துன்புறுத்த அவற்றுக்கு நிறைய ஓய்வு உண்டு! ஆண் குரங்குகளிடையே மேல், கீழ் என்னும் வரிசை உண்டு. முதல்வனிடம் அடிபட்ட குரங்கு தனக்கு அடுத்ததைக் கடிக்கும். அது தனக்கும் கீழானதைத் துரத்தும். இவ்வாறு இறங்கி வரும் சினமெல்லாம் கடைசியில் நிற்கும் குரங்கின் தலையில் விடியும்.

இக்குரங்குகளின் குருதியை எடுத்து ஆராய்தல் எளிய செயலன்று. பிடிக்க வருவதை அறிந்தால் குரங்கு அஞ்சும். அஞ்சினால் அந்நொடியிலேயே ஹார்மோன் உயர்ந்துவிடும். அளக்க வந்த பொருளை அளப்பவரே மாற்றியவர் ஆவார். ஆதலின் சப்போல்ஸ்கி ஊதுகுழலில் மயக்கமருந்து தோய்ந்த சிற்றம்பை வைத்து, குரங்கு வேறு புறம் திரும்பியிருக்கும் வேளை பார்த்து எய்தார். நாள்தோறும் ஒரே பொழுதிலேயே இப்பணியைச் செய்தார். அன்று சண்டையிட்ட குரங்கையும் காயமுற்ற குரங்கையும் விலக்கினார். குரங்கு மயங்கி விழுந்தவுடன் விரைந்து குருதி எடுத்தார். உண்மையை அறிய விழைவோர்க்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதற்கு இவர்தம் முறை நல்லதொரு சான்றாகும்.

அவர் கண்ட முடிவுகள் சிந்தனைக்கு உரியவை. வரிசை நிலைபெற்று அமைதியாக இருந்த காலத்தில், கீழ்நிலைக் குரங்குகளின் குருதியில் சண்டை ஏதும் இல்லாத வேளையிலும் கார்ட்டிசால் மிகுந்தே காணப்பட்டது. அடி விழாதபோதும் அடி விழுமோ என்னும் ஏக்கம் அவற்றின் உடலை விட்டு நீங்கவில்லை. உண்மையில் இடர் வந்தபோதோ, மேல்நிலைக் குரங்குகளின் உடல் விரைந்து விழித்தெழுந்தது. கீழ்நிலைக் குரங்குகளின் உடலோ முன்னரே களைத்துப்போனமையால் மெல்லவே எழுந்தது. தசைக்கு வலிமை தரும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனும் இடர்ப்பொழுதில் கீழ்நிலைக் குரங்குகளிடம் விரைந்து குறைந்தது. மேல்நிலைக் குரங்குகளிடம் அது சிறிது நேரம் உயர்ந்து நின்றது. குருதிக் குழாய்களைக் காக்கும் நல்ல வகைக் கொழுப்பும் தாழ்ந்த குரங்குகளிடம் குறைந்தே இருந்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். இயல்பிலேயே உடல் நலிந்த குரங்குகள்தாம் கீழ்நிலையை அடைகின்றன. கீழ்நிலையால் உடல் நலிவதில்லை என ஒருவர் வாதிடக்கூடும். இத்தடைக்கு விடை கூறும் ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் ரீசஸ் இனப் பெண் குரங்குகளைக் கொண்டு நடத்தப்பெற்று, 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒன்றையொன்று முன்பு அறியாத 45 குரங்குகள் ஐந்து ஐந்தாகக் குழுக்களில் சேர்க்கப்பட்டன. முதலில் வந்த குரங்கு மேல்நிலையையும் பின்னர் வந்தது கீழ்நிலையையும் பெற்றன. அந்நிலைக்கு ஏற்ப அவற்றின் நோய் எதிர்ப்பு அணுக்களின் செயலும் வேறுபட்டது. பின்னர்க் குழுக்களைக் கலைத்து, வரிசை மாறுமாறு மீண்டும் அமைத்தனர். நிலை மாறியபோது அணுக்களின் செயலும் உடன் மாறியது. தாழ்ந்திருந்த குரங்கு உயர்ந்தபோது அதன் உடலும் உயர்ந்த குரங்கின் உடலைப்போல நடந்துகொண்டது. ஆகவே குற்றம் பிறப்பில் இல்லை; வைக்கப்பட்ட இடத்தில் இருக்கின்றது என்பது தெளிவு.

அங்ஙனமாயின், உச்சியில் இருப்பவர்க்கு எப்போதும் இன்பமே என்று கருதுதலும் தவறு. பபூன் கூட்டத்தில் வரிசை குலைந்து, எது முதல்வன் என்னும் போட்டி மூண்ட காலங்களில், மேல்நிலைக் குரங்குகளின் கார்ட்டிசாலும் மிகுந்தது. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் 125 ஆண் பபூன்களை ஒன்பது ஆண்டுகள் ஆராய்ந்தோர் 2011ஆம் ஆண்டில் வேறோர் உண்மையை வெளியிட்டனர். குரங்குகளைத் தொடாமல் அவற்றின் சாணத்தினின்றே ஹார்மோன்களை அவர்கள் அளந்தனர். முதலிடத்தில் இருந்த குரங்குக்கு இரண்டாம் இடத்தில் இருந்த குரங்கைவிட மனஅழுத்த ஹார்மோன் மிகுதியாக இருந்தது. பிறரை அடக்கியும் தன் இடத்தைக் காத்தும் வாழ்பவன் அதற்குரிய விலையைத் தன் உடலால் கொடுக்கின்றான். பிறரை அஞ்சச் செய்பவன் தானும் அஞ்சியே வாழ்கின்றான் என்பதற்கு இது சான்றன்றோ?

ஓடி ஒளிய இடமுள்ள காட்டிலேயே நிலைமை இதுவாயின், கூண்டில் என் ஆகும்? கென்யாவில் பிடிக்கப்பட்டுக் கூண்டுகளில் கூட்டமாக வளர்க்கப்பெற்ற வெர்வெட் இனக் குரங்குகளுள் சில இறந்துபட்டன. அவற்றை அறுத்து ஆராய்ந்த செய்தி 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றின் இரைப்பையில் புண்கள் இருந்தன. அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன. நினைவாற்றலுக்குத் துணையான மூளைப் பகுதியில் அணுக்கள் சிதைந்திருந்தன. அவை தம் கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் இருந்து, பிற குரங்குகளால் ஓயாது துன்புறுத்தப்பட்டவை என்று ஆராய்ந்தோர் கருதினர். தப்பிச் செல்ல வழியில்லாத இடத்தில் நிகழும் கொடுமை எத்துணைக் கொடியது என்பதை இது காட்டுகின்றது.

இக்கேட்டிற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. அம்மருந்தும் குரங்குகளிடத்திலேயே காணப்படுகின்றது. பபூன்களுள் நட்புடைய குரங்குகளிடம், அதாவது ஒன்றன் அருகில் ஒன்று அமர்ந்து மயிரைக் கோதி விடுவனவும் குட்டிகளோடு விளையாடுவனவும் ஆகிய குரங்குகளிடம், கார்ட்டிசாலின் அளவு குறைந்திருந்தது. தனித்து ஒதுங்கி வாழ்ந்தவற்றிடம் அது மிகுந்திருந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானா நாட்டின் மொரேமிக் காட்டில் பெண் பபூன்களை ஆராய்ந்தோர் 2006ஆம் ஆண்டில் உள்ளத்தை உருக்கும் செய்தி ஒன்றை வெளியிட்டனர். கொடிய விலங்குகளால் குட்டியையோ நெருங்கிய உறவையோ இழந்த பெண் குரங்குகளின் உடலில் துயரத்தின் அடையாளமாக ஹார்மோன் உயர்ந்தது. அக்குரங்குகள் துயரில் ஒதுங்கி இராமல், முன்னினும் மிகுதியான தோழியரைத் தேடிச் சென்று அவற்றின் மயிரைக் கோதத் தொடங்கின. உயர்ந்த ஹார்மோனும் நாளடைவில் தணிந்தது. இழந்த உறவை மீட்க இயலாதபோது புதிய உறவைத் தேடிக்கொள்ளும் அறிவு அவ்விலங்குகளுக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னும், வலியார் மெலியாரை வருத்துதல் இயற்கையின் நியதி என்றும், அதனை மாற்ற ஒருவராலும் இயலாது என்றும் கூறுவோர் உளர். கொடுமைக்குத் துணை தேடுவோர் அடிக்கடி காட்டை நோக்கிக் கை நீட்டுவர். அவர்கள் சப்போல்ஸ்கி ஆராய்ந்த கூட்டங்களுள் ஒன்றின் வரலாற்றை அறிதல் நன்று. 1980க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தில், அக்கூட்டத்தின் முரட்டு ஆண் குரங்குகள் சுற்றுலாப் பயணியர் விடுதியின் குப்பைக் குழிக்குச் சென்று, அங்கு வாழ்ந்த வேறொரு கூட்டத்தோடு சண்டையிட்டு எச்சில் உணவை உண்டு வந்தன. அக்குழியில் எறியப்பட்ட இறைச்சியின் வழியாகக் காசநோய் பரவி, அவை எல்லாம் மாண்டன. கூட்டத்தின் ஆண் குரங்குகளில் ஏறத்தாழப் பாதி மறைந்தன. சண்டைக்குச் செல்லாத அமைதியான ஆண்களும் பெண்களும் குட்டிகளுமே எஞ்சி நின்றனர்.

அதன் பின்னர் அக்கூட்டத்தின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. மேல், கீழ் என்னும் வரிசை அங்கு மறையவில்லை. ஆயினும் உச்சியில் இருந்த குரங்கு அடியில் கிடந்த குரங்கைக் காரணமின்றித் துரத்துவது மிக அரிதாயிற்று. குரங்குகள் நெருங்கி அமர்ந்து ஒன்றையொன்று பேணுதல் மிகுந்தது. கீழ்நிலைக் குரங்குகளின் உடலில் மனஅழுத்தத்தின் அடையாளங்கள் காணப்படவில்லை. பபூன்களில் ஆண்கள் இளமை முதிர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தை அடைவன. 1993ஆம் ஆண்டளவில் நோயினின்றும் தப்பிய பழைய ஆண்களுள் ஒன்றும் அங்கு இல்லை. இருந்தவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. முரட்டுக் கூட்டங்களில் பிறந்து வளர்ந்த அவையும் இக்கூட்டத்தின் அமைதியையே கற்றுக்கொண்டு நடந்தன! புதிதாக வந்தவற்றை அங்கிருந்த பெண் குரங்குகள் அன்போடு ஏற்றமையும் இதற்கு ஒரு காரணம் ஆகலாம் என்பர். இவ்வரலாறு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குரங்குகளாலேயே மாற்ற முடிந்த ஒன்றை மனிதரால் மாற்ற இயலாது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

குரங்கின் செய்தியை அப்படியே மனிதர்மேல் ஏற்றிக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. மனிதன் ஒரே நாளில் பல இடங்களில் வாழ்கின்றான். அலுவலகத்தில் கடைநிலையில் இருப்பவன் ஊர்க் கோயிலில் முதன்மை பெறலாம்; வகுப்பில் பின்தங்கியவன் ஆடுகளத்தில் தலைவனாக விளங்கலாம். குரங்குக்கு இவ்வாய்ப்பு இல்லை. எனினும் அடிப்படை உண்மை இருவர்க்கும் பொது என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் அரசு அலுவலர்களிடையே 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பேராராய்ச்சி ஒன்று, பதவியின் படி இறங்க இறங்க நெஞ்சுநோயால் இறப்போர் மிகுந்ததைக் காட்டியது. கடைநிலையில் இருந்தோரிடையே அவ்விறப்பு முதல்நிலையோரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அவர்களுள் பட்டினி கிடந்தோர் இலர். புகைபிடித்தல் முதலிய பழக்கங்களும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதிக்கே காரணம் ஆயின.

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்றே. தலைமையும் வரிசையும் எக்கூட்டத்திற்கும் வேண்டுவனவாக இருக்கலாம். ஆனால் அச்சுறுத்தல் வேண்டுவது அன்று. அச்சம் இன்றி ஒழுங்கு நில்லாது என்பார் கூற்றை அக்கென்யக் குரங்குக் கூட்டமே பொய்ப்பித்துவிட்டது. அங்கு வரிசையும் இருந்தது, அமைதியும் இருந்தது. ஏவலரை இழித்துப் பேசும் மேலாளரும், பிள்ளைகளை ஓயாது அதட்டும் பெற்றோரும், பிரம்பைக் காட்டியே பாடம் நடத்த எண்ணும் ஆசிரியரும் தாம் உள்ளத்தைத் திருத்துவதாக நினைக்கின்றனர். அவர்கள் வருத்துவது உடலையும் ஆகும். இடையறாத அச்சம் நினைவாற்றலைக் கெடுப்பதாயின், அஞ்சச் செய்து கற்பிக்கும் கல்வி தன் வேரைத் தானே அறுப்பதன்றோ? கையால் அடித்த காயம் ஆறிவிடும்; ‘இன்று என்ன நேருமோ’ என்று நாள்தோறும் நடுங்கச் செய்த காயமோ குருதியில் கலந்து நிற்கும்.

இப்பொறுப்பு பெரியோர்க்கே உரியது என்று மாணவர் ஒதுங்குதலும் ஆகாது. வகுப்பறையும் ஒரு கூட்டமே. வலிய மாணவன் மெலியவனைப் பட்டப்பெயர் இட்டு அழைப்பதும், ஒருவனைச் சுற்றிப் பலர் நின்று நகைப்பதும் விளையாட்டென்று கருதப்படுகின்றன. நகைப்போர்க்கு அது ஒரு நொடி இன்பம். நகைக்கப்படுவோனுக்கோ மறுநாள் பள்ளிக்குப் புறப்படும்போதே நெஞ்சு படபடக்கின்றது. பாடம் நடக்கும் வேளையிலும் அவன் உடல் சிறுத்தையைக் கண்ட குரங்கின் உடலாகவே இருக்கின்றது. அத்தகையவன் அருகில் சென்று ஒரு மாணவன் அமர்ந்து, அவனோடு உணவைப் பகிர்ந்து உண்டு, விளையாட்டில் அவனையும் சேர்த்துக்கொள்வானாயின், அது வெறும் இரக்கச் செயல் அன்று. உடலுக்கு மருந்தளிக்கும் செயலே ஆகும். அதற்குப் பொருட்செலவு இல்லை, பெரும்புலமையும் வேண்டுவதில்லை. தோழியின் அருகில் அமர்ந்து மயிரைக் கோதி விடும் அக்காட்டுக் குரங்கும் அறிந்த மருத்துவம் அது.